பின்மண்டைதான் நாற்றங்கால்: ஸ்ட்ரிப், எஃப்.யு.இ., ரோபோ – முடி நடவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

போன வாரம் சுத்தமல்லியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, ரோபோ வச்சு முடி நடுதாங்களாம்லா. கையால செய்ததைவிட அது நல்லதா?" வயது முப்பது. நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிப்போய், நடுவில் ஒரு தீவு மாதிரி கொஞ்சம் முடி நிற்கிறது. நான் அவனிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உன் பின்மண்டையை யாராவது லென்ஸ் வச்சுப் பாத்தாங்களா?" இல்லையாம். மூன்று இடங்களில் விலை விசாரித்திருக்கிறான். மூன்று இடத்திலும் நெற்றியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அரை மணி நேரத்தில் தொகையும் சொல்லிவிட்டார்கள்.

நான் மருத்துவர் இல்லை. முடி நடவு செய்யும் தியேட்டர்களில் ஒன்பது ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன். மதுரையில் கொஞ்ச காலம், கேரளத்தில் கொஞ்ச காலம், கடைசியில் பாளையங்கோட்டை. எடுத்த வேர்களைப் பிரிப்பது, எண்ணுவது, காயாமல் காப்பது, டாக்டர் போட்ட துளையில் பொருத்துவது, இதுதான் என் வேலை. ஆகையால் இங்கே எழுதுவது மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது. மாத்திரை, மருந்தளவு, உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் தோல் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. பிசான நடவுக்கு நாற்றுப் பறிக்கும்போது அம்மா மூன்று விஷயத்துக்குச் சத்தம் போடுவாள். வேர் அறக்கூடாது. பறித்த முடி வெயிலில் கிடக்கக்கூடாது. அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே நட்டுவிட வேண்டும். (நாற்றுக் கட்டுக்கும் எங்கள் பக்கம் 'முடி' என்றுதான் பெயர், என்ன பொருத்தம் பாருங்கள்.) தலையிலும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும். ஒன்று மட்டும் பொருந்தாது. நாற்று பற்றாமல் போனால் பக்கத்து வயல்காரரிடம் கேட்கலாம், இன்னொரு நாற்றங்கால் விடலாம். பின்மண்டையில் வேரோடு எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. அடுத்தவர் தலையிலிருந்து வாங்கி நட்டால் உடம்பு ஏற்காது. இருப்பது அவ்வளவுதான். எந்த முறை, எந்தக் கருவி என்ற கேள்வியெல்லாம் அந்த இருப்பை எப்படிச் செலவழிக்கப் போகிறோம் என்ற கேள்விதான்.

முதல் படி: கொட்டுவது எந்த வகை?

நடவு உதவுவது பெரும்பாலும் பரம்பரையாக வரும் ஆண்பால் வழுக்கைக்குத்தான். நெற்றி ஓரம் ஏறுவது, உச்சியில் வட்டம் விழுவது என்று ஒரு ஒழுங்கோடு வரும். அதை ஏழு நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோலுக்கு ஹாமில்டன்–நார்வுட் என்று பெயர். 1951-இல் ஹாமில்டன் வகுத்ததை 1975-இல் நார்வுட் திருத்தினார். டாக்டர் "கிரேடு நாலு, அஞ்சு" என்று சொன்னால் அதைத்தான் சொல்கிறார்.

டெங்கு, டைஃபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு. அது பெரும்பாலும் தானே திரும்பி வரும். காசு வட்டத்தில் வழுவழுவென்று விழும் புழுவெட்டும் வேறு. அதில் நட்டால் நட்டதையும் சேர்த்து உடம்பே தாக்கும். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று இன்னும் சில காரணங்கள் உண்டு. பெண்களுக்கு அநேகமாக வகிடு அகலமாகி எங்கும் பரவலாக அடர்த்தி குறையும், பின்பக்கமும் சேர்ந்து மெலிந்திருக்கலாம். அதனால் அவர்களில் நடவுக்கு ஏற்றவர்கள் குறைவு.

போர் தண்ணீர் உப்பு, அதனால்தான் சொட்டை என்று நம் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நுனி உடையும். நெற்றியை ஏற்றுவது தண்ணீர் இல்லை. டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும், அதற்கு மசியும்படி பிறவியிலேயே அமைந்த வேர்களும்தான்.

இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அந்த வயதில் தெரியாது. இருபத்திரண்டில் நெற்றியைத் தாழ இறக்கி நட்டுக்கொண்ட ஒருவர் முப்பதில் திரும்பி வந்தார். நட்ட முடி முன்னால் வேலி போல நிற்கிறது, அதற்குப் பின்னால் பொட்டல். மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு என்ற இரண்டு மருந்துகளும் நடவுக்கு முன்னும் பின்னும் பேசப்பட வேண்டியவை. நட்ட முடி நிற்கும், பழைய முடி தொடர்ந்து கொட்டும். அதைப் பிடித்து வைப்பது மருந்துதான். ஃபினாஸ்டிரைடுக்குச் சிலரிடம் பாலியல் சார்ந்த பக்கவிளைவு உண்டு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் பிஆர்பி ஊசியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: கூட இருந்தால் சிலருக்கு உதவும், நடவுக்கு மாற்று ஆகாது.

இரண்டாம் படி: இருப்பைக் கணக்கெடுங்கள்

1959-இல் நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் ஒரு விஷயத்தை நிறுவினார். பின்மண்டையிலிருந்து எடுத்த முடி, வழுக்கையான இடத்தில் நட்டாலும் பின்மண்டை முடியின் குணத்தோடுதான் வளரும். முடி நடவு முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது. அவர் காலத்தில் 4 மில்லிமீட்டர் அகலத் துண்டாக எடுத்து நட்டதால் பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்தக் கோலம் கிடையாது.

முடி ஒவ்வொன்றாக முளைப்பதில்லை. ஒன்று முதல் நான்கு வரை ஒரே துளையில் சேர்ந்து முளைக்கும். இந்தச் சிறு கூட்டத்தைத்தான் கிராஃப்ட் என்று எண்ணுகிறார்கள். சராசரியாக ஒரு கிராஃப்டில் இரண்டு முடி. நம் ஆட்களுக்குப் பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் எழுபது, எண்பது கிராஃப்ட் இருக்கும். சிலருக்கு அதைவிடக் குறைவு. இதை ஒரு சின்ன கேமரா லென்ஸ் வைத்து, நாலைந்து இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விலை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கணக்கு இப்படிப் போகும். நெற்றிப் பக்கம் காலியான இடம் 50 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். பார்வைக்கு நிறைவாகத் தெரிய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 முதல் 40 கிராஃப்ட் போதும், பழைய அடர்த்தி முழுவதும் தேவையில்லை. ஆக, 1750 முதல் 2000 கிராஃப்ட். வாழ்நாள் முழுக்க ஒருவர் தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலும் 4000 முதல் 6000 வரை. அதாவது நெற்றிக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போய்விடும். நாற்பதில் உச்சி காலியானால் அதற்கு என்ன மிச்சம் என்பதை இப்போதே பேசிக்கொள்ள வேண்டும். "ஒரே சிட்டிங்கில் அஞ்சாயிரம்" என்ற விளம்பரம் எனக்கு நாற்றங்காலை ஒரே நாளில் காலி செய்வதாகத்தான் படும்.

மூன்றாம் படி: எடுக்கும் முறை

பேனர்களில் ஏழெட்டுப் பெயர் இருந்தாலும் வேரை எடுக்க இரண்டே வழிதான்.

முதலாவது எஃப்.யு.டி., பேச்சு வழக்கில் ஸ்ட்ரிப். பின்மண்டையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நீளப்பட்டையாகத் தோலை எடுத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைப்பது. 2000 கிராஃப்ட் வேண்டுமென்றால் ஏறக்குறைய 1.2 சென்டிமீட்டர் அகலம், 22 சென்டிமீட்டர் நீளம். ஒரு காதின் பின்னாலிருந்து மறு காதின் பக்கம் வரை போகும். எடுத்த பட்டை எங்கள் மேசைக்கு வரும். அதை முதலில் ரொட்டி அறுப்பது போல, ஒரு வரிசை முடி அகலத்துக்கு, மெல்லிய சீவல்களாக அறுப்போம். அப்புறம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒவ்வொரு சீவலையும் ஈரமான பலகையில் கிடத்தி, வேர்க் கூட்டங்களைத் தனித்தனியாகப் பிரிப்போம். லென்ஸ் வழியே பார்த்தால் மஞ்சள் கொழுப்புக்குள் வெங்காயத்தாள் கட்டு மாதிரி வெள்ளை வேர்கள் நிற்கும். வேரைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பை விட்டு வெட்டுவோம், அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. கண்ணால் பார்த்து வெட்டுவதால் வேர் அறுபடுவது குறைவு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் பாபி லிம்மர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த மைக்ராஸ்கோப் பழக்கம் இது.

இதன் விலை ஒரு கோடு. நன்றாகத் தைத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைத் தழும்பு. பின்முடி ஓர் அரை அங்குலம் இருந்தால் மறைந்துவிடும், ஒட்ட வெட்டினால் தெரியும். தையல் பிரிக்கப் பத்துப் பதினான்கு நாள். சில வாரம் கழுத்துப் பக்கம் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். பின்பக்கம் முழுதும் மழிக்க வேண்டாம் என்பது வசதி. நீளமுடி வைத்திருக்கும் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது எஃப்.யு.இ. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, பெரும்பாலும் 0.8 முதல் 1 வரையிலான வட்டக் கத்தியை ஒவ்வொரு வேர்க் கூட்டத்தின் மேலும் வைத்துச் சுழற்றி, தோலிலிருந்து விடுவித்து, கிடுக்கியால் இழுத்து எடுப்பது. தையல் இல்லை, கோடு இல்லை. "தழும்பே இல்லை" என்பார்கள், அது பொய். ஆயிரம் கிராஃப்ட் எடுத்தால் ஆயிரம் வெள்ளைப் புள்ளி. பரவலாக எடுத்திருந்தால் கண்ணில் படாது. ஒரே இடத்தில் நெருக்கி எடுத்திருந்தால் பூச்சி அரித்த துணி மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய வழி குறைவு.

இதன் சிக்கல் கண்ணுக்குத் தெரியாததைக் கத்தி தொடர வேண்டியிருப்பது. முடி வேர் தோலுக்குள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் போகும். வெளியே ஒரு சாய்வு, உள்ளே வேறு சாய்வு. கத்தி அந்தச் சாய்வைத் தவறவிட்டால் வேர் பாதியில் அறுந்து வரும். நல்ல கையில் நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கும். கெட்ட கையில் அது எங்கே போய் நிற்கும் என்பதை எண்ணித் தட்டில் போடும் எங்களுக்குத்தான் தெரியும். எஃப்.யு.இ. வேர்கள் மெலிந்தவை, சுற்றிக் கொழுப்பு குறைவு. சீக்கிரம் காயும், அழுத்திப் பிடித்தால் நசுங்கும்.

எது நல்லது? தலைமுடியை ஒட்ட வெட்டும் பழக்கம், தேவை இரண்டாயிரத்துக்குள், விளையாட்டு அல்லது சுமை தூக்கும் வேலை என்றால் எஃப்.யு.இ. வழுக்கை பெரிது, நிறைய கிராஃப்ட் வேண்டும், பின்முடி கொஞ்சம் நீளமாக வைப்பவர் என்றால் ஸ்ட்ரிப்பை இன்றைக்கும் நான் ஒதுக்கமாட்டேன். முதலில் ஸ்ட்ரிப், சில ஆண்டு கழித்து எஃப்.யு.இ. என்று இரண்டையும் சேர்த்தால்தான் மொத்த இருப்பில் அதிகம் எடுக்க முடியும். இப்போது பல இடங்களில் ஸ்ட்ரிப்பைச் சொல்வதே இல்லை. அதற்கு மைக்ராஸ்கோப்பும் ஏழெட்டுப் பழகிய ஆட்களும் வேண்டும் என்பதும் ஒரு காரணம். தாடியிலிருந்து எடுத்து உச்சியில் நிரவுவது எஃப்.யு.இ.-யில் மட்டும் முடியும்.

நான்காம் படி: கருவி – கை, மோட்டார், உறிஞ்சி, ரோபோ

எஃப்.யு.இ. என்று முடிவானபின் வருவது இந்தக் கேள்வி.

கைப்பிடிக் கத்தியை விரலால் உருட்டுவது பழைய வழி. மெதுவானது, ஆனால் தோல் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பது விரலுக்குத் தெரியும். இப்போது பெரும்பாலான தியேட்டர்களில் இருப்பது மோட்டார். ஒரே பக்கம் சுழல்வது, முன்னும் பின்னும் ஆடுவது, அதிர்வது என்று வகைகள். கத்தி முனையிலும் கூர்மையானது, மழுங்கலானது, இரண்டும் கலந்தது என்று உண்டு. கூரானது தோலைச் சுலபமாக வெட்டும், வேரையும் சுலபமாக வெட்டும். மழுங்கல் முனை வேரை ஒதுக்கி விலக்கும், சில நேரம் வேரை உள்ளே தள்ளியும் விடும். உறிஞ்சும் கருவியில், தோலிலிருந்து விடுவித்த கிராஃப்டைக் காற்றால் இழுத்துக் குப்பிக்குள் சேர்ப்பார்கள். வேகம் உண்டு. காற்றோட்டத்தில் வேர் காயுமே என்று எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

இனி ரோபோ. இந்தத் துறையில் ரோபோ என்றால் முதலில் வரும் பெயர் ஆர்டாஸ். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரெஸ்டோரேஷன் ரோபோடிக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. வேர் எடுப்பதற்கு, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் அனுமதி தந்தது. நடுவதற்கும் சேர்த்து 2018-இல் அனுமதி கிடைத்தது. 2019-இல் அந்த நிறுவனம் வீனஸ் கான்செப்ட் என்ற நிறுவனத்தோடு இணைந்தது.

வேலை செய்யும் விதம் இது. நீங்கள் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து முகத்தைப் புதைத்து உட்கார வேண்டும். பின்முடியை ஒட்ட மழித்து, தோலை இழுத்துப் பிடிக்க ஒரு சதுரச் சட்டத்தை வைப்பார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் குறிகளை வைத்துத்தான் கேமராக்கள் தம் இடத்தைக் கண்டுகொள்ளும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை முடி, எந்தச் சாய்வு, எவ்வளவு இடைவெளி என்று கணக்கிட்டு அடுத்து எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும். கையின் முனையில் இரட்டைக் கத்தி: உள்ளே கூரானது தோலைத் துளைக்கும், வெளியே சுழலும் மழுங்கல் வட்டம் கீழே இறங்கி வேரை விடுவிக்கும். தலை லேசாக அசைந்தாலும் கேமரா பின்தொடரும். டாக்டர் திரையைப் பார்த்து ஆழத்தையும் கோணத்தையும் திருத்திக்கொண்டிருப்பார். ஒரு சட்டம் முடிந்ததும் சட்டத்தை நகர்த்த வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேர் எடுக்கும் கட்டத்தில் ரோபோ வேரைத் தோலிலிருந்து விடுவித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கிடுக்கி வைத்து வெளியே எடுப்பது என் போன்ற ஆள்தான்.

இதன் பலம் களைப்பு இல்லாதது. ஆயிரத்து ஐந்நூறாவது துளையில் மனிதக் கை முதல் துளையைப் போல இருக்காது; மணிக்கட்டு கனக்கும், கண் எரியும். யந்திரத்துக்கு அது கிடையாது. ஒரே இடத்தில் நெருக்கி எடுத்துவிடாமல் இடைவெளியையும் பார்த்துக்கொள்ளும். பலவீனம் என்று பார்த்தால், நேரான கறுப்பு அல்லது பழுப்பு முடிக்கென்று உருவானது. சுருட்டை முடிக்காரருக்குச் சரிவராது. நரைத்திருந்தால் முதலில் சாயம் பூசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா கண்ணுக்குத் தெரியாது. காதோரமும் பிடரியும் எட்டுவது சிரமம். தாடிக்கு ஆகாது. செலவும் கூடும்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது: சுமாரான கையைவிட ரோபோ மேல், நல்ல கைக்கு முன்னால் ரோபோவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க நான் ஒரு காரணமும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் நடவு மிஷின் வந்தபோதும் இதே பேச்சுதான். சமமான வயலில் வரிசை பிடித்தாற்போல நட்டுக்கொண்டு போகும், மூலை முடுக்கில் பெண்கள்தான் இறங்கி நட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. "ரோபோடிக்" என்று போர்டு இருந்தால் உள்ளே போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது தானே கேமராவால் பார்த்து நகருமா, இல்லை டாக்டர் கையில் பிடிக்கும் மோட்டாரா?" மோட்டார் என்றால் அது கெட்டதில்லை, ஆனால் ரோபோ விலை கொடுக்க வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சாதாரண மோட்டார் கைப்பிடிக்கு வெள்ளை உறை மாட்டி அதற்கு ரோபோ என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயாளி கேட்டால் நாங்களும் தலையாட்ட வேண்டும். நான் அங்கிருந்து விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: நடும் முறை

இங்கேதான் பெயர்க் குழப்பம் அதிகம். சஃபையர் எஃப்.யு.இ. என்பது எடுக்கும் முறை இல்லை; நடுவதற்கான கீறலை எஃகு முனைக்குப் பதில் நீலக்கல் முனையால் போடுவது. டி.எச்.ஐ. என்று சொல்வது வேரைப் பேனா போன்ற கருவிக்குள் ஏற்றி, துளையும் நடவும் ஒரே குத்தில் செய்வது. அந்தப் பேனா கொரியாவில் சோய் என்ற மருத்துவர் பெயரில் வந்தது, 1992-இல் அதைப் பற்றி எழுதினார்கள். பழைய முடிக்கு நடுவே நடும்போது வசதி. பயோ எஃப்.யு.இ. என்பது பிஆர்பியையும் சேர்த்துக்கொண்டதற்கான பெயர்.

பெயரைவிட முக்கியம், கீறல் போடும் கை. முன்வரிசையில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டும், அதுவும் வளைந்து நெளிந்து, கோடு பிடித்தாற்போல் இல்லாமல் வர வேண்டும். இரட்டை, மூன்று முடிக் கூட்டங்கள் பின்னால். சாய்வு முன்னோக்கி, பொட்டருகே கீழ்நோக்கி, உச்சியில் சுழியைத் தொடர்ந்து. முன்வரிசையை வரைவதும் கீறல் போடுவதும் டாக்டரின் வேலை. அதை டெக்னீஷியனிடம் விட்டுவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனால், அந்த இடத்தில் உங்களுக்கு வேலையில்லை.

ஆறாம் படி: பணம் கட்டுமுன்

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதற்குரிய முறையான அறுவைப் பயிற்சி உள்ள மருத்துவர்களே முடி நடவு செய்ய வேண்டும், பட்டறைகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது போதாது என்று சொல்லியிருக்கிறது. தோல் மருத்துவத்தில் எம்.டி., பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற பட்டங்களைப் பாருங்கள், பதிவு எண்ணைக் கேட்டுத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பட்டியலில் சரிபாருங்கள். வெட்கப்படாதீர்கள். 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடவு செய்யப் போய் உடல்நிலை மோசமாகி இறந்தார்.

பயப்பட வேண்டியது கத்தியைவிட மரப்பு ஊசிக்குத்தான். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்துக்கு ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஏறக்குறைய 24 மில்லி. நேரம் இழுக்க இழுக்க ஊசி கூடும். எவ்வளவு போனது என்று யார் கணக்கு வைக்கிறார்கள், ஆக்சிஜனும் அவசர மருந்தும் அறையில் இருக்கிறதா, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவார்கள் என்று கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு எடுத்து முதல் ஆலோசனை பெறலாம். விற்க எதுவும் இல்லாத இடத்தில் கிடைக்கும் கருத்து நேராக இருக்கும்.

விலை கிராஃப்டுக்கா, முடிக்கா என்று எழுதி வாங்குங்கள். "4000 முடி" என்றால் அது 2000 கிராஃப்ட்தான். மருத்துவச் சேவைக்கான ஜிஎஸ்டி விலக்கு முடி நடவுக்குக் கிடையாது, ஆகவே சொன்ன தொகையில் வரியும் சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். எத்தனை எடுத்தார்கள், எத்தனை ஒற்றை, எத்தனை இரட்டை என்ற தாளை அன்றே கேட்டு வாங்கலாம். நாங்கள் எண்ணித்தான் வைக்கிறோம், எழுதித் தருவதில் சிரமம் ஒன்றுமில்லை.

நாளையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்த்திகையில் மாலை போடுகிறவர் அந்தச் சமயத்தில் தலையை மழிக்க முடியாது. குலசை தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர் கிரீடமும் டோப்பாவும் வைப்பதற்கு ஒரு மாதத்துக்குமேல் இடைவெளி விட வேண்டும். கல்யாணத்துக்கு என்று வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுவது. ஐப்பசியில் நட்டுத் தையில் மணவறையில் உட்கார்ந்தால், நட்ட முடி உதிர்ந்து முன்னைவிட மோசமாகத் தெரியும் கட்டத்தில்தான் போட்டோ எடுப்பார்கள். பத்து மாதம் முன்னால் செய்யுங்கள், இல்லை கல்யாணம் முடியட்டும்.

ஏழாம் படி: அன்றைக்கும் அதன்பிறகும்

இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., சர்க்கரை, பி.பி. முன்னமே பார்த்திருப்பார்கள். புகை, மது நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். காலை சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பட்டன் சட்டை போட்டுப் போங்கள், பனியனைத் தலைவழி கழற்ற முடியாது. இரண்டாயிரம் கிராஃப்ட் என்றால் ஆறேழு மணி நேரம் ஆகும்.

நடுவில் ஒருமுறை எழுந்திருக்கும்போது கிராஃப்ட் வைத்திருக்கும் தட்டைப் பாருங்கள். குளிர்ந்த திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும், ஈரத்துணிமேல் பத்துப் பத்தாக வரிசை பிடித்திருக்க வேண்டும். வெளியே எடுத்த வேர் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உயிரை இழக்கிறது. அதைவிட வேகமாகக் கொல்வது ஈரம் காய்ந்துபோவது. காற்றில் சில நிமிஷம் போதும். விளக்குக்கு அடியில் மூடாமல் கிடக்கும் தட்டைப் பார்த்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டால் அன்றைக்கே ரயில் ஏறாதீர்கள். முதல் மூன்று இரவு தலையை உயர்த்தி, மல்லாந்து படுக்க வேண்டும். மிடில் பெர்த்தில் அது நடக்காது, எழும்போது மேல் பெர்த்தில் இடித்தால் நட்டதெல்லாம் போச்சு. இரண்டு நாள் அங்கேயே தங்கி, முதல் தலைக்குளியலை அவர்கள் கையாலேயே முடித்துவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள் நெற்றியும் கண்ணிமையும் வீங்கும். வீட்டில் பதறுவார்கள், தானே வடியும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி என்றால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் விழும். சொறியாமல், குவளையில் தண்ணீர் எடுத்து மெதுவாக ஊற்றினால் போதும். பத்து நாளுக்குப் பிறகு வேர் பிடித்துவிடும், சாதாரணமாகத் தேய்த்தால் பிடுங்கிக்கொண்டு வராது. ஹெல்மெட் இரண்டு வாரம் வேண்டாம். ஆகவே பைக்கும் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். எண்ணெய் தேய்ப்பதை ஒரு மாதம் தள்ளுங்கள், தீபாவளியே வந்தாலும். தாமிரபரணியிலோ குளத்திலோ முங்கிக் குளிப்பதையும் ஒரு மாதம் தள்ளுங்கள். சாரல் சமயத்தில் நடவு செய்துகொண்டு குற்றாலத்துக்கு ஜீப் ஏறியவரைப் பார்த்திருக்கிறேன். மெயின் அருவி தலையில் அறைகிற அறைக்கு, புதிதாக நட்ட தலையைக் கொண்டுபோய்க் காட்டக் கூடாது.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் நட்ட முடி உதிரும். "அண்ணாச்சி, எல்லாம் போச்சு" என்று போன் வருவது அப்போதுதான். உதிர்வது தண்டு, வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் பூனைமுடி மாதிரி எட்டிப்பார்க்கும். ஆறாம் மாதம் மாற்றம் தெரியும். முழுப் பலனுக்கு ஓராண்டு, உச்சிக்கு அதைவிடச் சில மாதம் கூடும்.

எல்லாரும் கடைசியாகக் கேட்பது மொட்டை. திருச்செந்தூரில் முடி காணிக்கை நேர்ந்திருக்கிறது, போடலாமா? ஓராண்டு போகட்டும், அப்புறம் தாராளமாகப் போடலாம். வேர் தோலுக்குள் இருப்பதால் நட்ட முடியும் மற்றதைப் போலவே திரும்ப வளரும். எஃப்.யு.இ. என்றால் புள்ளிகள் உற்றுப் பார்த்தால் தெரியும். ஸ்ட்ரிப் செய்தவருக்குக் காதுக்குக் காது கோடு தெரியும். என் அத்தான் ஸ்ட்ரிப் செய்தவர். மழித்து முடித்ததும் நாவிதர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஆக்சிடெண்டா?" என்று கேட்டிருக்கிறார். அத்தான் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கடலில் குளிக்கப் போய்விட்டார்.